கம்பத்துக்குக் கட்டிய பரிவட்டம்

மறையூருக்கு மேலே, மலைச்சாலை ஏறி முடிகிற இடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே அட்டை நெளியும் சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் கல் பரப்பி, மண் கொட்டி, புல் பதித்துப் பந்து மைதானம் ஆக்கியவன் நான். எருமை நின்றால்கூட அமிழும் என்று துரையே கைவிட்ட இடம் அது. அதன் இரண்டு பக்கமும் கற்பூர மரத்தில் கோல் கம்பம் வெட்டி நட்டவனும் நான். தோட்டத்து வாசலில் முதல் டீக்கடை போட்டேன். கூரை இரண்டு முறை காற்றோடு போயிற்று, மூன்றாவது முறை தகரம் அடித்தேன், அது இன்னும் இருக்கிறது. பொதிக்கழுதை மட்டும் வெல்லம் சுமந்த பாதை சாலையானதும், பொள்ளாச்சியில் துருப்பிடித்துக் கிடந்த லாரி ஒன்றை வாங்கி, ஓட்டத் தெரியாமலே ஓட்டி மேலே கொண்டுவந்து சேர்த்தேன். அதை நிறுத்த மலைச் சரிவை வெட்டிக் கொட்டகை போட்டேன். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் அப்பன் அடுத்தவர் காட்டில் குடிசை போட்டு இருந்தான்; அதற்கு எதிரிலேயே சொந்த மண்ணில் ஓட்டு வீடு எழுப்பினேன். இதில் எதற்கும் யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. மலையேறி வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு துப்பட்டியும் ஓர் அரிவாளும். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். மற்றதெல்லாம் கை பட்டுத் தெரிந்துகொண்டது.

இத்தனை செய்த எனக்கு ஒரு முழம் சிவப்புத் துணி கிடைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அந்தத் துணி என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆடி மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குப் பூசை. அன்று காலையில் பந்தை அம்மன் காலடியில் வைத்து, விபூதி பூசி, குங்குமம் இட்டு எடுப்பார்கள். ஆட்டத்தை விட்டுவிட்ட பழைய ஆட்டக்காரர்களில் யாரைத் தோட்டம் பெரிய ஆளாக நினைக்கிறதோ, அவரை அழைத்துத் தலையில் சிவப்புப் பரிவட்டம் கட்டுவார்கள். அவர் பந்தை இரு கையிலும் ஏந்தி மைதானத்துக்குக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் அன்றைய ஆட்டம் தொடங்கும். ஊர்க் கோவில்களில் பெரிய குடும்பத்துக்காரர்களுக்குச் செய்கிற மரியாதை அது. லயத்தில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடித்தனம் நடத்துகிற எங்களை எந்தக் கோவிலில் தலைக்குத் துணி கட்டிக் கூப்பிடுவார்கள்? பந்துதான் எங்களுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டது. ஒரு முறை கட்டிக்கொண்டவருக்கு வருடா வருடம் துணி உண்டு; பந்து மட்டும் கடைசியாகக் கட்டிக்கொண்டவர் கையில். செத்துப்போனால் அவர் வீட்டுக்குத் துணி போகும்.

யாருக்குக் கட்டுவது என்பதில் துரைக்குப் பேச்சில்லை. விளையாடுகிறவர்களுக்கும் பேச்சில்லை. ஆட்டம் பார்க்கிறவர்கள் ஆடிக்கு முன்னால் கூடி உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். கங்காணி சொல்வது கடைசிச் சொல். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பாதித் தோட்டத்தை மலைக்குக் கூட்டிவந்தவர் அவர். குட்டையான மனிதர், ஆனால் காலையில் அவர் ஆள் கணக்கு எடுக்கும்போது நெட்டையான ஆட்களும் குனிந்து நிற்பார்கள். அந்தக் கணக்குப் பழக்கத்தையே பந்துக்கும் வைத்திருந்தார். எங்கள் தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு முழுப்பேர் விழும். மதியத்தோடு நின்றால் அரைப்பேர். ஆட்டக்காரர்களையும் அப்படித்தான் பிரிப்பார். முழுப்பேர் என்றால் பரிவட்டம். அரைப்பேர் என்றால் பூசைச் சோற்றுக்குக் கூப்பிடுவார்கள், அதோடு சரி.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாரைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அந்த ஆள் அந்த இடத்தில் இருக்கக்கூடாது. எதிரே இருந்தால் வாய்க்கு மரியாதை வந்துவிடும் என்று கங்காணி சொல்வார். இந்த வழக்கம்தான் என்னைச் சிக்கவைத்தது.

அந்த வருடம் ஆனி முடியும் சமயம், மறையூரில் ஆட்டம். எங்கள் பையன்கள் தோற்றார்கள். தோற்ற முகத்தோடு உடனே மேலே வர வெட்கப்பட்டு, சந்தை பார்த்துவிட்டு மறுநாள் நடந்து வருவதாகச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டார்கள். பார்க்கப் போனவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு நான் லாரியை எடுத்தேன். கங்காணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் வெல்ல மூட்டைகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே பேக்டரியில் சூளைக்கு விறகு போடுகிற அடுப்புக்காரர், மலை மலையாகத் தபால் பை சுமக்கிற தபால்காரர், இன்னும் நாலைந்து பேர். ஊர் எல்லையில் ஒரு வெல்ல வியாபாரி கையைக் காட்டினான். ஏற்றிக்கொண்டேன். அவன் மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏறிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. வளைந்த கால்கள், வலது காலை வெளியே வீசி வைக்கிற நடை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு காலத்தில் சென்டரில் ஆடியவன். நான் கோல் காத்த காலத்தில் என் கோலுக்கு நேரே நின்றவன். அவனுக்கு என்னைத் தெரிந்ததா இல்லையா என்று முகத்தில் காட்டவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மேலே ஏற ஏற மழை. மறையூரில் தூறல்கூட இல்லை, இங்கே கண்ணாடியில் தண்ணீர் ஓடியது. ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் சாலையே இல்லை. மண்ணும் பாறையும் வேரோடு மரமுமாகக் குவிந்து கிடந்தது. லாரியைப் பின்னுக்கு எடுக்கலாம் என்று நான் கழுத்தைத் திருப்பிய நேரத்தில், பின்னாலும் மலை இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. மூட்டையிலிருந்து அரிசி சரிகிற மாதிரிதான் இருந்தது. பார்த்தால் வந்த வழி மூடிக் கிடந்தது. லாரியின் முன்சக்கரங்கள் சேற்றில் இறங்கி, சேறு கதவு வழியாக உள்ளே வந்து, நான் உட்காரும் இடம்வரை ஏறிவிட்டது.

ஒரு பக்கம் நிமிர்ந்த பாறை, அதிலிருந்து இன்னும் கல் உதிர்ந்துகொண்டிருந்தது. மறு பக்கம் கிடுகிடு பள்ளம், அடியில் ஆறு. நல்ல வேளையாகச் சாலை போட்ட கூலிகள் தங்கிய கல் கொட்டகை ஒன்று அந்தத் துண்டுச் சாலையில் இருந்தது. தகரக் கூரை, ஒரே அறை. உள்ளே புகுந்தோம். தபால்காரர் மட்டும், "நான் பாக்காத மலையா" என்று முன் சரிவில் ஏறப் போனார். இடுப்புவரை அமிழ்ந்தவரை என் லாரிக் கயிற்றைப் போட்டுத்தான் இழுத்தோம். அதற்குப் பிறகு யாரும் வாசலைத் தாண்டவில்லை. மேலிருந்து தோட்டத்து ஆட்கள் மண் வெட்டி வந்து சேரும்வரை இருக்க வேண்டியதுதான்.

இருந்த நாளெல்லாம் அவர்கள் குடித்தது என் லாரி அரிசியில் காய்ச்சிய கஞ்சி, கடித்தது நான் ஏற்றி வந்த வெல்லம். இதையும் எங்காவது குறித்து வைக்கவேண்டும்.

மறுநாள் காலை மழை விடவில்லை என்றதும் கங்காணி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"சும்மா கிடந்து என்ன செய்ய. ஆடிப் பேச்சை இங்ஙனயே பேசி முடிச்சிருவோம்."

அந்த வருடம் என் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். ஆட்டத்தை விட்டு ஓர் ஆள் லாரி வாங்கி மேலே வருகிற அளவுக்குக் காலம் ஆகியிருந்தது. வயதும் ஆகிவிட்டது. இனியும் தள்ளினால் என் பேர் பழைய பேச்சாகிவிடும்.

முதலில், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற உயரமான ஒரு பேக் ஆட்டக்காரனைப் பற்றிப் பேசினார்கள். காய்ச்சலில் செத்துப்போனவன். அவன் ஆடிய காலத்தில் எதிரிப் பந்து அவனைத் தாண்டியதில்லை. அதில் சண்டையே இல்லை. முழுப்பேர், துணி அவன் ஆத்தாளுக்கு. அடுத்து, இடதுகால்காரன் என்று நாங்கள் கூப்பிட்ட ஆட்டக்காரனின் பேச்சு வந்தது.

"கட்டித்தான் ஆகணும்" என்றார் அடுப்புக்காரர். "இந்த மலையில அவன் அடிச்ச மாதிரி அடிச்ச காலு ஒண்ணு கிடையாது."

"அடிச்சாம்லா" என்றார் தபால்காரர். "அடுத்த வருசம் நம்ம கோல்லயும் ரெண்டு அடிச்சான். அதுக்கும் சேத்தா கட்டுதீரு?"

"அது பொழைப்புவே. கல்யாணம் முடிச்சுப் பொண்டாட்டி தோட்டத்துக்குப் போனான். போற எடத்துல ஆடாம பந்தைக் கையில வச்சுக்கிட்டா நிப்பான்?"

"நான் ஒரு கணக்கு சொல்லுதேன். ஒருத்தன் பந்தெடுத்து ஓடும்போது, மேட்டுல கொழுந்து பறிக்கிற பொம்பளையாளுக கையை நிறுத்திப் பாத்தாங்களா? பாத்திருந்தா அவன் பெரிய ஆளு. பாக்கலையா, விடு."

"உம்ம பொண்டாட்டி யாரைப் பாத்தா?"

"என்னையத் தவிர எல்லாரையும் பாத்தா. அதனாலதான் இந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி."

சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. கங்காணி சிரிக்கவில்லை. "மத்தியானத்தோட கூடையை வச்சிட்டுப் போனவனுக்கு அரைப்பேரு" என்றார். இடதுகால்காரன் முடிந்தான்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பாலக்காட்டாரே, எந்திரியும்" என்றார் அடுப்புக்காரர். "உம்ம பேச்சு."

எழுந்தேன். எங்கே போவது? வெளியே கல் உதிர்கிற பாறை. லாரிக்குள் சேறு. கொட்டகைக்கு வேறு அறை இல்லை. வாசலில் நின்றேன், சாரல் முகத்தில் அடித்தது. கங்காணி மூலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"வழக்கத்தை மாத்த முடியாது. அந்த மூலையில போயிச் சுவத்தைப் பாத்து உக்காரு. நீ இங்க இல்லை. கேட்டியா? இல்லாத ஆளு பேசப்படாது."

நானும் போய் உட்கார்ந்தேன். சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓர் ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்தால் கீழே மறையூர் தெரிந்தது. அங்கே பளிச்சென்று வெயில். கரும்புக் காடு பச்சையாக, வெல்லம் காய்ச்சுகிற ஆலைகளிலிருந்து நேராகப் புகை. என் முதுகில் கூரை ஒழுகுகிறது, கண்ணுக்கு முன்னால் ஆட்கள் காயவைத்த வேட்டியை மடிக்கிறார்கள். மனிதன் மாட்டிக்கொண்டான் என்றால் அதைவிட வேறில்லை. நானே கட்டிய மைதானத்தில், நானே நட்ட கம்பத்துக்கு நடுவே நான் செய்த வேலையைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் பேசப்போகிறார்கள், நான் இல்லை என்று வைத்துக்கொண்டு.

அவர்கள் பேசிய ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லவேண்டும்.

பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம், மார்கழியில். முதல் பாதியில் இடதுகால்காரன் ஒன்று அடித்தான். இரண்டாம் பாதி தொடங்கியதும் மூடுபனி இறங்கியது. எங்கள் மலையில் பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அதற்காக ஆட்டத்தை நிறுத்துவதும் இல்லை; நிறுத்தினால் அந்த மாதத்தில் ஆடவே முடியாது. இரண்டு கோலுக்குப் பின்னாலும் மண்ணெண்ணெய்த் தகரத்தோடு ஓர் ஆள் நிற்பான். கோல் விழுந்தால் தகரத்தை அடிப்பான். ஓரத்தில் நிற்கிறவர்கள் எந்தப் பக்கத் தகரம் என்று காதால் தெரிந்துகொண்டு கத்துவார்கள். அன்றைக்குக் கோல் காக்கிற கோலி நான்தான். என் பின்னால் இருந்த தகரம் ஆட்டம் முடியும்வரை ஒலிக்கவில்லை. ஒன்றுக்குச் சுழி என்று ஜெயித்தோம். துரை கோப்பை கொடுத்தது அந்த ஆட்டத்துக்குத்தான்.

அந்தப் பனிக்குள் நான் பட்டது எனக்குத் தெரியும். பந்து கண்ணுக்கு வராது. சேற்றில் கால் சளக் சளக்கென்று வருகிற சத்தம் வரும், அதை வைத்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சாயவேண்டும். வெள்ளைக்குள்ளிருந்து பந்து முகத்துக்கு நேரே திடீரென்று முளைக்கும். தண்ணீர் குடித்துப் பூசணிக்காய் கனம் இருக்கும். நாலு பந்தை மார்பில் வாங்கினேன். கடைசியில் வந்தது அந்த வளைகால்காரன் அடித்தது. வலது பக்கம் பாய்ந்தேன். விரல் நுனியில் பட்டது. விரல் மடங்கியது. பந்து திசை மாறிக் கம்பத்தில் மோதித் திரும்பிப் போயிற்று. கம்பம் மட்டும் போதாது, விரல் மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்துதான் கோப்பை எங்களுக்கு. என் பின்னால் தகரத்தோடு நின்ற ஆள், பாவம், அடுத்த மழைக்கே செத்துப்போனான். வேறு சாட்சி இல்லை.

முதுகுக்குப் பின்னால் அடுப்புக்காரர் தொடங்கினார்.

"அந்தாளு மேல எனக்கு வருத்தமில்லை. ஆனா யாரு பாத்தா? நான் அன்னைக்கு ஓரத்துலதான் நின்னேன். எம் பக்கத்துல நின்னவன் மூஞ்சியே எனக்குத் தெரியலை. பந்து அந்தப் பக்கம் போச்சா, போகலையான்னே தெரியாது."

"தகரம் அடிக்கலைல்லா?" என்றார் கங்காணி.

"தகரக்காரன் தூங்கியிருந்தாலும் அடிக்க மாட்டான்."

"வெரல் மடங்கியிருக்குன்னு காட்டுதாரே" என்றார் தபால்காரர்.

"அது லாரிக் கதவுல நசுங்குனது."

லாரிக் கதவில் நசுங்கியது இடது கை. பந்து மடக்கியது வலது கை. திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நான் இல்லாத ஆள். பல்லைக் கடித்துக்கொண்டு மறையூர் வெயிலைப் பார்த்தேன்.

"பொம்பளையாளுக பாத்தாங்களான்னு கேப்போமா" என்றார் தபால்காரர். "அவங்க மேட்டுல நின்னாங்க."

"பனிக்குள்ள எதைவே பாப்பாங்க? உம்ம கணக்கைப் பையில போட்டுக் கட்டும்."

பேச்சு அப்படியே மதியம்வரை இழுத்தது. கஞ்சி வந்தது, எனக்கு மூலையிலேயே கொடுத்தார்கள். வாங்கத் திரும்பியபோது பார்த்தேன், வெல்ல வியாபாரி வாசல் பக்கம் காலை நீட்டி, மூட்டையில் சாய்ந்து, ஒன்றும் பேசாமல் இருந்தான். என் மனசெல்லாம் அவன் மேல்தான். அந்தப் பந்தை அடித்தவன் அவன். என் எதிரே ஐந்தடியில் நின்றவன் அவன். அவன் வாயைத் திறந்தால் எனக்கு முழுப்பேர், அல்லது ஒன்றுமே இல்லை. நானாகக் கேட்க வாய் இல்லை. கேட்க முடிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியாது. தோற்றவன் சொல்லித்தான் என் பெருமை நிற்கவேண்டுமா என்று ஒரு பக்கம். இவனும் போய்விட்டால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம்.

கங்காணிதான் கவனித்தார். "ஏய் வெல்லம், நீ எந்தத் தோட்டம்?"

அவன் சொன்னான்.

"பந்து ஆடியிருக்கியா?"

"சென்டர்ல ஆடுனேன் ஐயா."

"அந்தப் பனி ஆட்டத்துல?"

"ஆமா ஐயா. கடைசிப் பந்தை அடிச்சது நாந்தான்."

அடுப்புக்காரர் எழுந்தே நின்றுவிட்டார் போல. கஞ்சி அடுப்பின் வெளிச்சத்தில் அவர் நிழல் நீண்டு என் சுவரில் விழுந்தது. "இத்தனை நேரம் பூசணி மாதிரி உக்காந்திருந்தியேடா."

"யாரும் கேக்கலை."

"சொல்லு. இந்தாளு புடிச்சாரா?"

அவன் காலை மடக்கி உட்காருவது கேட்டது.

"நல்லா வாகா வந்த பந்து ஐயா. நான் அடிச்ச பந்துலயே நல்ல அடி அதுதான். எதுலயோ பட்டுச்சு. 'டொக்'னு ஒரு சத்தம். திரும்பி வந்து எங்காலுலயே மோதுச்சு. கையா, கம்பமா, நான் பாக்கலை. எனக்கும் பனிதானே."

"டொக்குன்னா மரம்" என்றார் அடுப்புக்காரர். "கையில பட்டா டொக்குன்னு கேக்குமா?"

விரல் சத்தம் போடாது. விரலில் பட்டுத்தான் மரத்துக்குப் போயிற்று.

கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பாத்தவன் இல்லை. அடிச்சவனுக்கும் தெரியலை. இல்லைன்னும் சொல்ல முடியாது, உண்டுன்னும் சொல்ல முடியாது. அரைப்பேரு."

அவ்வளவுதான். மைதானம், கம்பம், மார்பில் வாங்கிய பந்து, மடங்கிய விரல், எல்லாம் அரைப்பேரில் அடங்கிவிட்டது. நான் திரும்பினேன்.

"ஏனுங்க கங்காணிங்க."

"இல்லாத ஆளு பேசப்படாதுப்பா."

"அப்படின்னா என்னைய வெளிய போகச் சொல்லுங்க. எங்கீங்க போவேன்? முன்னால மண்ணு, பின்னால மண்ணு. இருக்கற ஆளை இல்லைன்னு எத்தனை நேரமுங்க வெச்சிருப்பீங்க?"

நான் நிறுத்தவில்லை.

"கையில பட்டுதான் கம்பத்துக்குப் போச்சுன்னு நான் சொல்றனுங்க. நம்ப வேண்டாம், விடுங்க. கம்பத்துலதான் பட்டுதுன்னே வெச்சுக்கலாம். அந்தக் கம்பம் யாருதுங்க? அதுக்கு முன்னால மூங்கில்தானுங்க நின்னுது. கற்பூர மரத்தை வெட்டி, தோள்ல போட்டு, இந்தச் சரிவுல எறக்கி, இடுப்பளவு குழி தோண்டி, கல்லுப் போட்டு இறுக்கி நட்டது நானுங்க. ஒருத்தரும் கூட வரலீங்க. கைன்னா கையும் என்னுது. கம்பம்னா கம்பமும் என்னுது. இதுல அரை எங்கீங்க இருக்குது?"

வெல்ல வியாபாரி அப்போது தானாகவே பேசினான்.

"அவரு சொல்றது நெசம் ஐயா. எங்க தோட்டத்துல மூங்கிதான். பந்து பட்டா மல்லாந்துரும், பந்து உள்ள போயிரும். அன்னைக்கு மூங்கியா இருந்திருந்தா கோலுதான். கோப்பை எங்களுக்கு வந்திருக்கும்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவனுக்கு வாழ்நாள் முழுக்கக் கூலி வாங்காமல் வெல்லம் ஏற்றிக் கொடுத்தேன். அதை ஏன் செய்தேன் என்று யாருக்கும் தெரியாது.

கங்காணி சொன்னதை மாற்றி அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. மாற்றினால் மறுநாள் காலை ஆள் கணக்கில் ஆயிரம் வாய் திறக்கும் என்று பயம். ஆனால் கம்பம் நின்றது என்பதையும் அவரால் தள்ள முடியவில்லை.

"கம்பம் நின்னுருக்கு" என்றார். "நின்னதுக்கு உள்ளதைக் குடுக்கணும். கம்பத்துக்கு முழுப்பேரு. இவருக்குச் சொன்னது சொன்னதுதான்."

"அப்பக் கம்பத்துக்குப் பரிவட்டம் கட்டிருவோம்" என்றார் தபால்காரர், கேலியாக. "மாலையும் போடலாம். அது சோறு கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. "கட்டத்தான் வேணும்" என்றார்.

அதற்கு மறுநாள் மேலிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. தோட்டத்து ஆட்கள் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி வெட்டிவிட்டார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே போனார்கள். நான் கடைசியாகப் போனேன். லாரியை விட்டுவிட்டுப் போக மனசில்லை என்று சொன்னேன். உண்மையில், அவர்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பதே அப்போது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆடிப் பூசை வந்தது. நான் போகக்கூடாது என்று இருந்தேன். பறை சத்தம் கேட்டதும் கால் போய்விட்டது. கங்காணி சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு, கூட்டத்தோடு மைதானத்துக்கு நடந்து, என் வலது கம்பத்தில், மனிதன் தலை உயரத்துக்குக் கட்டினார். குங்குமமும் வைத்தார். பிறகு அம்மன் காலடியில் இருந்த பந்தை யார் சுமப்பது என்று ஒரு குழப்பம். கடைசியாகப் பரிவட்டம் கட்டிக்கொண்டவர்தான் சுமக்கவேண்டும். கம்பத்துக்குக் கை இல்லை.

கங்காணி கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"பாலக்காட்டான், நீ எடுத்துட்டு வா. கம்பத்தடியில வையி."

"எம் பேர்லயாங்க, கம்பத்து பேர்லயாங்க?"

"கம்பத்து பேருல."

மறுத்திருக்கலாம். மறுத்தால் அடுப்புக்காரர் சுமப்பார். என் கம்பத்துக்கு என் பந்தை இன்னொருவன் சுமப்பதா என்று வாங்கிக்கொண்டேன். வெறும் தலையோடு, மழைத் தூறலில், தோட்டமே பார்க்க, நான் நட்ட மரத்துக்கு எடுபிடியாகப் பந்தைக் கொண்டுபோய் வைத்தேன். மேட்டில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். தபால்காரர் என்னிடம் வந்து, "எல்லாரும் பாத்தாங்கவே, நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆடிக்கும் அப்படித்தான். வழக்கமாகிவிட்டது. நான் தோட்டத்தை விட்டு நாட்டுக்கு இறங்கி ஓட்டு வீட்டில் உட்காரலாம் என்று பல முறை நினைத்தேன். ஆடி நெருங்கினால் முடியாது. போகாவிட்டால் பந்து வேறு கைக்குப் போகும். போனால் கம்பத்துக்கு வேலைக்காரன். இரண்டுக்கும் நடுவே வருடங்கள் ஓடிவிட்டன.

கங்காணி காலமாகிவிட்டார். அடுப்புக்காரரும் இல்லை. நான் நட்ட கம்பத்தைக் கறையான் அரித்துவிட்டது. போன வருடம் அதைப் பிடுங்கிவிட்டு, பேக்டரியில் கழித்த இரும்புக் குழாயை நட்டார்கள். நான் நடவில்லை, என்னைக் கேட்கவுமில்லை. ஆடியில் அந்தக் குழாய்க்குப் பரிவட்டம் கட்டினார்கள். பந்தை அதே மாதிரி என் கையில் கொடுத்தார்கள். நான் கொண்டுபோய் வைத்தேன். எந்தப் பந்தையும் தடுக்காத குழாய் அது. அன்றைக்கு அந்தப் பனிக்குள் அது இல்லவே இல்லை. நான் இருந்தேன்.

எனவே இப்போது இந்தத் தோட்டத்தில் ஆட்டம் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கையா கம்பமா என்ற வழக்கு முடிந்துபோயிற்று. கம்பம் போய்விட்டது, கை இருக்கிறது. வலது கையைக் கொண்டுவந்து காட்டுகிறேன், விரலைத் தொட்டுப் பாருங்கள். என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைக்காமல் எதிரே நிறுத்திப் பேசுங்கள். வருகிற ஆடியில் அந்தக் குழாயிலிருந்து துணியை அவிழ்த்து என் தலையில் கட்டுங்கள். பந்தை நான் சுமக்கிறேன், என் பேரில்.